மூன்றாம் தரம் கேட்காத தேசம்

2025 பிப்ரவரி 3, திங்கள்

காலையில் தவிட்டு மூட்டை இறக்கினோம். இறக்கினோம் என்றால், ஆட்கள் இறக்கினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைத் தாங்கினேன். புதுச்சேரியில் எங்கள் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற அத்தனை மாடுகளின் வயிறும் என் தீவனக் கடையை நம்பித்தான் இருக்கிறது. நான் ஒரு நாள் கதவைத் திறக்கவில்லை என்றால் ஒதியம்பட்டிலிருந்து பாகூர் ஏரி வரைக்கும் மாடுகள் கொடி பிடித்து ஊர்வலம் போகும்.

மத்தியானம், எங்களோடேயே இருக்கிற என் தங்கை கஸ்தூரிக்கு விசா வந்துவிட்டது. அவள் மகள் யாமினி ஸ்லோவேனியாவில் பனியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு உடைந்து, மாவுக்கட்டோடு மாடியறையில் படுத்திருக்கிறாள். தாய்மாமன் என்ற முறையில் அந்தப் பனிக்கு இங்கிருந்தே சாபம் கொடுத்திருக்கிறேன். மே மாதத்துக்குள் உருகிவிடும், வேறு வழியில்லை. யாமினியின் புருஷன் மாத்தேய் அந்த ஊர்ப் பையன். கீழ்வீட்டில் அவன் அம்மா மிலேனா, நமக்குச் சம்பந்தி. கஸ்தூரி போய் மூன்று மாதம் மகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். இதுவரை கடலூரைத் தாண்டாதவள்.

அவர்கள் ஊர் ப்துய் என்ற இடத்துக்குப் பக்கத்தில். பேரைச் சொல்லிக் காட்டினேன். எதிரில் நின்ற வாடிக்கையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் யாமினி வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் ஸ்லோவேனியன். அத்தனையும் பசியைப் பற்றியது. கூடவே குரல் செய்தி: "மாமா, மிலேனாவுக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராது. அம்மா சாப்பாட்டு விஷயம் மட்டும் பேசக் கத்துக்கிட்டா போதும். நீதான் சொல்லிக் குடுக்கணும்."

பேராசிரியர் உலகநாதன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 5

பட்டியலை ஆராய்ந்தேன். இங்கிலீஷ்காரன் பசிக்கு ஏணி கட்டி வைத்திருக்கிறான். ஏதாவது கொறிக்கலாமா என்று தோன்றினால் பெக்கிஷ். அதற்கு மேற்படி ஹங்ரி. அதற்கு மேல் ராவனஸ்; பத்துத் தலைக்கும் சேர்த்து வருகிற பசி போலும். உச்சிப்படியில் ஃபாமிஷ்ட், அங்கே ஏறினவன் ஏணியையே தின்றுவிடுவான். ஸ்லோவேனியாக்காரர்களுக்கு இவ்வளவு படி இல்லை. ரொம்பப் பசித்தால் ஓநாயைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓநாய் போலப் பசி என்று.

பசித்த ஆண் லாச்சென். பசித்த பெண் லாச்னா. வயிறு நிறைந்த ஆண் சீத், நிறைந்த பெண் சீத்தா. பின்னால் ஒரு 'செம்' போட்டுவிட்டால் அது நானே. சாப்பிடத் தோன்றுகிற அந்த மனசுக்குத் தேக் என்று பெயர். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் "தோபர் தேக்" என்று ஒருவரையொருவர் வாழ்த்திவிட்டுத்தான் கை வைக்கிறார்களாம். நம் ஊர்ப் பந்தியில் வாழ்த்திக்கொண்டிருந்தால் பக்கத்து ஆள் அப்பளத்தை எடுத்துவிடுவான்.

என் மனைவி கல்பனாவுக்குப் படித்துக் காட்டினேன். தோசைக் கல்லின் முன்னால் நின்றபடி கேட்டாள்.

"பொம்பளைப் பசிக்குன்னு தனியா வார்த்தை வெச்சிருக்காங்களா? பரவால்லையே."

சொல்லிவிட்டு என் தட்டில் நாலாவது தோசையைப் போட்டாள். அவள் பசியை நான் விசாரிக்கவில்லை. பாடம் நடந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று வகுப்பில் கலகம். "லாச்னா செம்" என்று சொல்லு என்றேன். மாணவி வாயைத் திறக்கவில்லை.

"அந்த வார்த்தை எனக்கு எதுக்குண்ணே?"

"பசிச்சா சொல்றதுக்கு."

"சம்பந்தி வூட்டுல போயி பசிக்குதுன்னு சொல்லுவாங்களா யாராச்சும்? பொண்ணு குடுத்தவங்க சோத்துக்கு அலையறாங்கன்னு நெனைக்க மாட்டாங்க? யாமினி மானம் இன்னா ஆவும்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதில் குற்றமில்லை. பெண் கொடுத்த வீட்டில் வயிற்றைக் காட்டுவது நம் வம்சத்தில் கிடையாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் தரம் கேட்டால் "வேணாங்க." இரண்டாம் தரம் கேட்டால் "அய்யோ, இப்பதான் சாப்ட்டு வந்தோம்." மூன்றாம் தரம் அவர்கள் கேட்கவே மாட்டார்கள், கரண்டி தட்டுக்கு மேலே வந்துவிடும். அப்போது கையை லேசாக நகர்த்தி "கொஞ்சமா வைங்க" என்று சொல்லி, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். கல்பனாவைப் பெண் பார்க்கப் போன அன்று இந்த முறையைக் கொஞ்சமும் வழுவாமல் கடைப்பிடித்து ஒரு தாம்பாளம் போண்டாவைக் காலி செய்தவன் நான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள்.

ஆகவே பாடத்திட்டம் திருத்தப்பட்டது. லாச்னா நீக்கம். முதற்பாடம்: "நெ, ஹ்வாலா." வேண்டாம், நன்றி. இரண்டாம் பாடம்: "சீத்தா செம்." எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. இந்த இரண்டு முத்துக்களும் போதும். ஐரோப்பா முழுக்கக் கௌரவமாகச் சுற்றி வரலாம்.

பிப்ரவரி 14

கஸ்தூரி கோலம் போடும்போதும் "நெ, ஹ்வாலா" என்று முணுமுணுக்கிறாள். பால்காரர் பயந்துபோய், பால் வேண்டாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

பிப்ரவரி 16, ஞாயிறு

மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். சம்பந்திக்கென்று ஒரு பெரிய டின் முறுக்கு, கல்பனா சுட்டது. அதைத் தூக்கியபோது விமானம் ஏறுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கஸ்தூரி அழவில்லை. "அண்ணே, நேரத்துக்குச் சாப்புடு" என்றாள். நேரத்துக்கு நான் சாப்பிடாமல் இருந்ததாக வரலாறு இல்லை.

பிப்ரவரி 18

போய்ச் சேர்ந்துவிட்டாள். யாமினி பேசினாள். "மாமா, மிலேனா அசந்து போயிட்டாங்க! இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேட்டாங்களாம். அம்மா பட்டுனு 'நெ, ஹ்வாலா. சீத்தா செம்' அப்படின்னாங்களாம். எவ்ளோ தெளிவா பேசறாங்க எங்க சம்பந்தின்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வராங்க."

வெற்றி. ஸ்லோவேனிய அரசாங்கம் என்னைத் தேடி வருவதற்குள் ஒரு கோட்டு தைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 27

வீடியோவில் கஸ்தூரி. மகள் எப்படி இருக்கிறாள், குளிர் எப்படி என்று நான் கேட்க, அவள் கேட்டதெல்லாம் வேறு. "இன்னா கொழம்பு இன்னிக்கி? காரக் கொழம்பா? கத்திரிக்கா போட்டியா, முருங்கக்காயா? எண்ண மேல வந்து நின்னுச்சா?"

அரை மணி நேரம் குழம்பைப் பற்றியே பேச்சு. ஊர் ஞாபகம் என்று நினைத்தேன்.

மார்ச் 4

யாமினியிடமிருந்து ஒரு வேடிக்கைச் சேதி. கீழ்வீட்டு அலமாரியில் இருந்த முறுக்கு டின்னில் பாதி காணோமாம். மாத்தேய் தொடவில்லை. மிலேனாவின் பல்லுக்கு முறுக்கு ஆகாது. எலி வந்திருக்கிறது என்று மிலேனா பொறி வாங்கி வைத்திருக்கிறாளாம், உள்ளே ஒரு துண்டு சீஸோடு.

எலி விழவில்லையாம். சீஸும் அப்படியே இருக்கிறதாம். முறுக்கு மட்டும் மறுபடி குறைந்திருக்கிறதாம்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். கல்பனா சிரிக்கவில்லை. "சீஸ் திங்காத எலி எந்த ஊரு எலிங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 6

இன்றைக்கு வீடியோவில் நானே பார்த்தேன்.

பால் மாடு வாங்கப் போகிறவன் மடியைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தைப் பார்ப்பான். பள்ளம் ஆழமாக இருந்தால் மாடு சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். ஆயுள் முழுக்க இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு, என் தங்கையின் கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற பள்ளத்தைப் பார்க்க இத்தனை நாளாகியிருக்கிறது. கையைத் தூக்கி முடியை ஒதுக்கினாள். வளையல் முழங்கை வரைக்கும் இறங்கி ஓடியது.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சுண்ணே, வயிறு முட்ட ஆச்சு. அண்ணி எங்க? அடுப்புகிட்ட இருக்குதா? போனை அப்படியே அங்க காட்டு, கொழம்பு கொதிக்கிறத பாக்கணும்."

கல்பனா போனை அடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழம்பு கொதித்தது. அந்தப் பக்கத்தில் கஸ்தூரி டிவியில் கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் கல்பனா சொன்னாள். "நீங்க சொல்லிக் குடுத்த ரெண்டு வார்த்தைய அவ ஒழுங்கா சொல்றா. அவங்களும் ஒழுங்கா கேட்டுக்கிறாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போய்விடுவார்கள். இப்படி ஒரு காட்டுமிராண்டித்தனம் உலகத்தில் இருக்கும் என்று யார் நினைத்தது?

மார்ச் 7

யோசனை. கடையில் கோதுமைத் தவிடு கேட்டவருக்கு எள்ளுப் புண்ணாக்கு போட்டுவிட்டேன்.

யாமினியிடம் சொல்லலாமா? தன் வீட்டில் அம்மா பட்டினி என்று தெரிந்தால் மாவுக்கட்டோடு படியிறங்கி வந்து இன்னொரு காலையும் உடைத்துக்கொள்வாள். மகளுக்குத் தட்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நான் கீழ சாப்ட்டேன்" என்கிறாளாம் கஸ்தூரி. மகளும் நம்புகிறாள். கஸ்தூரியிடமே, வாயைத் திறந்து கேளு என்று சொல்லலாமா? காலையில் சொல்லிப் பார்த்தேன். "போண்ணே, எனக்கு இன்னா கொறை" என்று வைத்துவிட்டாள். சமையலறைக்குள் போய் நீயே ஆக்கிச் சாப்பிடேன் என்றால், சம்பந்தி வீட்டு அடுப்பைக் கூப்பிடாமல் தொடுவாளா? தொடமாட்டாள். திருட்டு முறுக்கு தின்றாலும் தின்பாள், அடுப்பைத் தொடமாட்டாள்.

வளையல் முழங்கையைத் தாண்டினால் என்ன செய்வது? ஏன்டா உலகநாதா, இரண்டு முத்து கொடுத்தாயே, ஒரு பிடி சோற்றுக்கு வழி கொடுத்தாயா?

இருக்கிறது ஒரே வழி. மிலேனாவிடமே சொல்ல வேண்டும். கஸ்தூரிக்கு அது மானக்கேடு. என்னை மன்னிக்கமாட்டாள்.

சரி, மன்னிக்கவேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் ஐந்து மணி. அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். தலை சீவினேன். "சம்பந்திக்கு ஒரு வணக்கம் சொல்லணும், போனைக் குடு" என்றேன். கஸ்தூரி சந்தோஷமாகக் கொடுத்தாள். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

மிலேனா வந்தாள். சிவந்த முகம், நல்ல சிரிப்பு. பின்னால் மேசை தெரிந்தது. ஆவி பறக்கிற உருளைக்கிழங்கு, ரொட்டி, சூப். கஸ்தூரியின் தட்டு அதற்குள் காலியாகி, துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

ஐக்கிய நாடுகள் சபையில் பேசுகிறவனைப் போல எழுந்து நின்றேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்தது.

"கோஸ்பா மிலேனா. மோயா செஸ்த்ரா யெ லாச்னா."

அம்மணி மிலேனா, என் தங்கை பசியோடு இருக்கிறாள். அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் பேசின மிகச் சிறிய பேச்சு அது.

மிலேனாவின் சிரிப்பு நின்றது. திரும்பி கஸ்தூரியைப் பார்த்தாள். லாச்னாவை நான் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியிருந்தாலும் அந்தச் சொல்லுக்காகத்தான் கஸ்தூரி என்னோடு சண்டை போட்டாள், அது அவளுக்குத் தெரியும். ஒரு கை வந்து திரையை மூடியது. இருட்டில் அவள் குரல் மட்டும்.

"ஏன்ணே இப்படி பண்ண?"

மார்ச் 10

யாமினி. "இன்னா மாமா பண்ணி வெச்சிருக்க! மிலேனா ஒரே அழுகை. வூட்டுக்கு வந்தவங்கள பட்டினி போட்டுட்டேனேன்னு. அந்த எலிப்பொறிய தூக்கி வெளிய எறிஞ்சிட்டாங்க. அம்மா ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிச்சு. எங்கிட்ட ஏன் மாமா யாருமே சொல்லல?" பிறகு அவளும் அழுதாள். பிறகு, "அம்மா சொல்லச் சொல்லிச்சு. இனிமே உங்கிட்ட பேசாதாம்."

மார்ச் 11

பேசவில்லை.

மார்ச் 23

இப்போது தூது யாமினிதான். நம் மூன்று தர முறையை அவள் மிலேனாவுக்கு விளக்கிவிட்டாளாம். மிலேனா அதைக் கோயில் பூஜை போல நடத்துகிறாளாம். முதல் தரம் கேட்கும்போது ஒரு விரலைத் தூக்கி, இரண்டாம் தரத்துக்கு இரண்டு, மூன்றாம் தரம் மூன்று விரலோடு கரண்டி. கஸ்தூரியும் விடாமல் முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் "நெ, ஹ்வாலா" சொல்கிறாளாம். அதற்குள் சூப் ஆறிவிடுகிறதாம். மாத்தேய்க்குத் தினமும் வேலைக்கு நேரமாகிறதாம்.

நம் நாகரிகம் கடல் கடந்து பரவுகிறது. அதைப் பரப்பினவனோடு பேச ஆள் இல்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வருஷா வருஷம் முதல் வாழ்த்து அவளுடையது. இந்த வருஷம் ஒரு படம் வந்தது, அதுவும் யாமினி அனுப்பியது. மிலேனாவின் அடுப்பு முன்னால் கஸ்தூரி, புடவைக்கு மேல் ஏப்ரன், கையில் கரண்டி. கன்னத்தில் சதை வந்திருக்கிறது. வளையல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் கழுத்தெலும்பைப் பார்த்தேன். பள்ளம் இல்லை.

யாமினி எழுதியிருந்தாள்: "ரெண்டு தரம் வேணாம்னு சொல்லி அம்மாவுக்கே சலிச்சிப் போச்சு மாமா. போன வாரம் மிலேனா ஒரு விரலைத் தூக்குறதுக்குள்ள அம்மாவே 'ஷெ மாலோ'ன்னு தட்ட நீட்டிட்டாங்க. மிலேனா மறுபடியும் அழுகை. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாதான் சமைக்கிறாங்க."

ஷெ மாலோ. இன்னும் கொஞ்சம். பட்டியலில் கடைசி வரியில் இருந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 30

கடையில் ஒரு கிடேரிக் கன்றைக் கட்டியிருந்தார்கள். பசித்தது, கத்தியது. தவிடு வைத்தேன், நிறுத்தியது. எவ்வளவு சுலபம்.

மே 11, ஞாயிறு

விடிகாலையில் கஸ்தூரி வந்து இறங்கினாள். கார் வில்லியனூர் வரும் வரைக்கும் கல்பனாவோடு பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் பின்னந்தலை மட்டும். யாமினி கைத்தடி இல்லாமல் நடக்கிறாளாம்; அதையும் கல்பனாவிடம் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் சாப்பாடு. வஞ்சிர மீன் வறுவல், குழம்பு. எப்போதும் போல நான் மேசையில் உட்கார்ந்தேன். எப்போதும் போல நான் முடித்த பிறகு அவர்கள் உட்காருவார்கள் என்று நினைத்தேன். கஸ்தூரி கையைக் கழுவிவிட்டு வந்து எதிர் நாற்காலியை இழுத்தாள்.

"அண்ணி, பசிக்குது. நீயும் வந்து உக்காரு."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! மழை வருது என்பதைப் போல. கல்பனா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். பாத்திரங்களெல்லாம் மேசை நடுவில் வந்தன. எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இதுவே முதல் தடவை. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது.

முதல் சோறு முடிந்தது. கல்பனா மீன் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நானும் கல்யாணமான நாளிலிருந்து செய்வதைச் செய்தேன். தட்டுக்கு மேல் கையை விரித்து, "போதும், போதும்." அவளும் கல்யாணமான நாளிலிருந்து செய்வதைச் செய்யப் போனாள்.

"அண்ணி, அண்ணந்தான் வேணாம்னு சொல்லுதுல்ல? விட்டுடு."

எத்தனை நாளுக்குப் பிறகு அவள் வாயில் அண்ணன் என்ற சொல்! ஆனால் மீன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கல்பனா அரை விநாடி யோசித்தாள். பிறகு அந்தத் துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். நிதானமாக, முள்ளை ஒதுக்கி, சாப்பிட ஆரம்பித்தாள். இவளுக்கு நடுத்துண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

காத்திருந்தேன். இரண்டாம் தரம் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் தரத்துக்கு அறிகுறியே இல்லை. நடுவில் இருந்த மீன் தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம். கேட்டால் என்ன? ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன், வரவில்லை. அதை யாரிடமும் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு வந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"லாச்சென் செம்," என்றேன்.

கஸ்தூரி தலை நிமிரவில்லை. "இன்னா? காதுல வுழல."

"லாச்சென் செம்."

"தமிழ்ல சொல்லுண்ணே."

வில்லியனூர் கொம்யூனின் அத்தனை மாடுகளையும் காக்கிற உலகநாதன் ஆகிய நான், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பசிக்குது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. கஸ்தூரி எழுந்து வந்து கடைசித் துண்டை என் தட்டில் வைத்தாள். வால் துண்டு. முள் அதிகம். பரவாயில்லை.

"தோபர் தேக்," என்றாள்.

மாலை

சீத் செம்.